கண்ணாடி மாற்றப் போன இடத்தில்

ஐம்பது வயதைக் கடந்த எம்மவர்களில் பலர் காலையில் பத்திரிகையைக் கையிலெடுத்ததும் முதலில் புரட்டுவது மரண அறிவித்தல் பக்கத்தைத்தான். முப்பது வருடங்களுக்கு மேலாகப் பத்திரிகைத் தொழிலில் இருக்கும் நானும் அதற்கு விதிவிலக்கல்லன். முன்பக்கச் செய்திகள் எப்படியும் முதல் நாளிரவே தெரிந்தவைதாம். யார் போய்விட்டார் என்பதுதான் காலையில் தெரியவருகின்ற புதினம்.

கடந்த வருடம் அந்தப் பக்கத்தில் எனது முன்னாள் சக ஊழியர் ஒருவரின் படத்தைக் கண்டேன். நான் ஆசிரியபீடத்தில் பயிலுநராகச் சேர்ந்த காலத்தில் அவர் எங்கள் ஒப்புநோக்குநர் பிரிவின் மூத்தவர். ஒற்றுப் பிழைக்கும் எண் பிழைக்கும் என்னைத் தனது மேசைக்கு அழைத்து, எல்லோருக்கும் முன்பாகக் கடிந்துகொண்டவர். 'பெயரும் நேரமும் பிழைச்சால் செய்தியே பிழை' என்பது அவர் அடிக்கடி சொல்லும் வார்த்தை. தகனக்கிரியைக்காகப் பூதவுடல் பிற்பகல் 5 மணிக்கு எடுத்துச் செல்லப்படும் என்று வாசித்து, நான்கரை மணியளவில் அவரது வீட்டுக்குப் போனேன். பந்தலில் கதிரைகளை அடுக்கிக் கொண்டிருந்தார்கள். அறிவித்தலில் இருந்தது 3 மணி. மூன்றை நான் ஐந்தாக வாசித்திருந்தேன்.

எழுத்தைச் சரியாகப் பார்க்கக் கற்றுத்தந்த மனிதரின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதற்கு, எழுத்தைப் பிழையாகப் பார்த்த காரணத்தால் எனக்குக் கொடுத்து வைக்கவில்லை. அன்று மாலை வீடு திரும்பும் வழியில்தான் கண்ணாடியை மாற்றியாக வேண்டும் என்று தீர்மானித்தேன்.

உண்மையில் அந்தக் கண்ணாடி பழையதல்ல. அதற்கு முந்திய இரண்டு வருடங்களில் இரண்டு தடவைகள் மாற்றியிருந்தேன். இரண்டும் நகரின் பளபளப்பான பெரிய கண்ணாடிக் கடையொன்றில் வாங்கப்பட்டவை. வாசலில் 'இலவசக் கண் பரிசோதனை' என்று எழுதியிருந்தது. கழுத்துப்பட்டி அணிந்த இளைஞர் ஒருவர் என்னை ஓர் இயந்திரத்தின் முன் இருத்தி நாடியை வைக்கச் சொன்னார். உள்ளே நீண்ட வீதியொன்றின் முடிவில் வண்ணப் பலூன் ஒன்று தெரிந்து மங்கி மீண்டும் தெரிந்தது. சிறிய தாளொன்று வெளியே வந்தது. பின்னர் சுவரிலிருந்த எழுத்துகளைச் சில நிமிடங்கள் வாசித்தேன். அதன் பிறகு அரைமணித்தியாலம் பிரேம் தெரிவு செய்வதிலும், 'புரோகிரசிவ்' வில்லையின் மகிமைகளைக் கேட்பதிலும் கழிந்தது. எனது குடும்பத்தில் எவருக்காவது கண்நோய் இருந்ததா, எனக்கு நீரிழிவு இருக்கிறதா என்று எவரும் கேட்கவில்லை. பரிசோதனை முடிவுகள் எழுதிய சீட்டைக் கேட்டபோது, 'அது எங்கள் கணினியில் இருக்கிறது, சேர்' என்ற பதிலே கிடைத்தது. அந்தப் பதில் எனக்கு நவீனமாகவே பட்டது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

இம்முறை அந்தப் பெரிய கடைக்குப் போவதற்குக் கையில் பணமில்லை. ஆகவே வெள்ளவத்தையில் காலி வீதியிலிருந்து கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒழுங்கையொன்றில் இருக்கும் சிறிய கடைக்குப் போனேன். தினமும் கடந்து செல்லும் கடைதான். முகப்பில் வெயிலில் வெளிறிப்போன விளம்பரப் படம். உள்ளே ஒரு கண்ணாடி அலுமாரி, ஒரு மேசை, நான்கு கதிரைகள். பின்னால் துணித்திரை போட்ட ஒரு சிறு அறை. அங்கே பரிசோதிப்பவர் எழுபதை எட்டிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர். ஊரில் அண்ணை என்று அழைக்கும் முறையில்தான் அவரை எல்லோரும் அழைக்கிறார்கள். நானும் அப்படியே அழைத்தேன்.

அந்த அறை ஆறு மீற்றர் நீளம் கொண்டதல்ல. எனவே எழுத்துப் பலகை எனது தலைக்குப் பின்னால் தொங்க, எதிர்ச்சுவரிலிருந்த முகம் பார்க்கும் கண்ணாடியில் அதனை வாசித்தேன். கண்ணாடியில் விழும் பிம்பத்தினால் தூரம் இரட்டிப்பாகிறது. மூன்று மீற்றர் அறை ஆறு மீற்றர் ஆகிவிடுகிறது. பலகையில் எழுத்துகள் தலைகீழான இடவலமாக அச்சிடப்பட்டிருப்பதன் காரணம் எனக்கு அன்றுதான் விளங்கியது. அதற்குப் பக்கத்தில் நான்கு திசைகளிலும் திரும்பி நிற்கும் ஆங்கில 'ஈ' எழுத்துகள் கொண்ட இன்னொரு பலகையும் இருந்தது. எழுத்தறியாதவர்கள் அந்த எழுத்தின் கால்கள் எந்தப் பக்கம் நோக்குகின்றன என்பதைக் கையால் காட்டினால் போதும்.

இத்தகைய பலகையை 1862 ஆம் ஆண்டில் உருவாக்கியவர் ஹேர்மன் ஸ்னெலன் என்ற ஒல்லாந்துக் கண் வைத்தியர். நமது சீட்டுகளில் எழுதப்படும் 6/6, 6/12, 6/60 என்ற எண்கள் அவரது முறையின் வழிவந்தவையே. சாதாரண கண் பன்னிரண்டு மீற்றர் தூரத்தில் வாசிக்கக்கூடிய எழுத்தை ஆறு மீற்றருக்கு வந்தால்தான் ஒருவரால் வாசிக்க முடியுமானால் அவரது பார்வை 6/12 ஆகும். ஒன்றரை நூற்றாண்டுக்கு மேலாகியும் அந்தப் பலகை ஓய்வு பெறவில்லை.

அண்ணை அவசரப்படவில்லை. கையிலிருந்த கருவியின் ஒளிக்கீற்றைக் கண்மணியின் குறுக்காக அசைத்து, அது திரும்பி வரும் விதத்தைப் பார்த்து முதற்கணக்கைப் போட்டார். பிறகு கனமான சோதனைச் சட்டத்தை மூக்கில் மாட்டி, பெட்டியிலிருந்த வட்ட வில்லைகளை ஒவ்வொன்றாகப் போட்டும் எடுத்தும், 'இது வடிவாத் தெரியுதோ, முந்தினது தெரிஞ்சுதோ?' என்று கேட்டபடியிருந்தார். வாசிப்புக்குரிய இலக்கத்தைப் பார்ப்பதற்கு அட்டையை நீட்டவில்லை. 'நீங்கள் பேப்பர் பிடிக்கிற மாதிரிப் பிடியுங்கோ' என்று அன்றைய பத்திரிகையையே தந்து, அந்தத் தூரத்தை நாடாவால் அளந்தார்.

எல்லாம் முடிந்தது என்று எழும்பப் போனேன். அவர் இருக்கச் சொன்னார். எனக்கு நேரெதிரே முழங்கால் தொடுமாப்போல் அமர்ந்து, ஒரு கண்ணைக் கையால் மூடிக்கொண்டு தனது மூக்கையே பார்க்கச் சொன்னார். பக்கவாட்டில் கையை நீட்டி எத்தனை விரல் என்று கேட்டார். மேலே, கீழே, வலப்பக்கம், இடப்பக்கம். இடது கண்ணால் பார்க்கும்போது மூக்குப் பக்கத்து மேல் மூலையில் அவர் விரல்களைக் காட்டியதாகப் பிறகுதான் சொன்னார். அங்கே விரல்கள் இருந்ததே எனக்குத் தெரியவில்லை. விளக்கை அணைத்துவிட்டு, கண்ணுக்குள் பார்க்கும் சிறிய கருவியொன்றை எடுத்து, எனது மூச்சு அவர் முகத்தில் படுமளவுக்கு நெருங்கிவந்து நெடுநேரம் பார்த்தார்.

'தம்பி, அப்பாவுக்கு, அம்மாவுக்கு கண்ணில ஏதேனும் வருத்தம் இருந்ததோ?'

'அப்பாவுக்குக் கடைசிக் காலத்தில பார்வை போட்டுது, அண்ணை.'

'அப்பிடியெண்டால் இப்ப கண்ணாடி எடுக்க வேண்டாம். எடுத்தாலும் அந்தப் பக்கத்தில தெரியாதது தெரியப்போறேல்லை. முதல்ல கண் டொக்டரிட்டக் காட்டுங்கோ. பிறகு வாங்கோ, கண்ணாடியைப் பாப்பம்.'

ஒரு கடிதத்தை எழுதி உறையில் இட்டுத் தந்தார். எவ்வளவு என்று கேட்டதற்கு, கண்ணாடி எடுக்கும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று கையசைத்தார்.

கண் வைத்தியர் கண்ணின் அழுத்தத்தை அளந்தார். பார்வைப் புலத்தை அறியும் கருவியின் முன் இருத்தி, ஒளிப்புள்ளி தெரியும்போதெல்லாம் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். முடிவுத் தாளில் இடது கண்ணின் வரைபடத்தில் ஒரு மூலை கறுத்துக் கிடந்தது. குளுக்கோமா. கண்ணுக்குள் சுரக்கும் நீர் சரிவர வடிந்தோடாதபோது பெரும்பாலும் உள்ளழுத்தம் கூடி, மூளைக்குக் காட்சியை எடுத்துச் செல்லும் பார்வை நரம்பு மெல்ல மெல்லச் சிதைகின்ற நோய் அது. அதன் வழமையான வடிவத்தில் வலியில்லை, சிவப்பில்லை. ஓரங்களிலிருந்து பார்வை தேய்கிறது. நடுப்பார்வை கடைசிவரை நிற்கிறது. ஒரு கண் இழந்த மூலையை மறு கண் நிரப்பிவிடுவதால் நோயாளிக்கு எதுவும் தெரிவதில்லை. அவர் 6/6 வரியைக்கூட வாசித்துவிடுவார். இழந்தது திரும்பாது. ஆனால் மருந்துத் துளிகளாலோ, லேசர் கதிராலோ, சத்திரசிகிச்சையாலோ அழுத்தத்தைக் குறைத்தால் எஞ்சியதைப் பெரும்பாலும் காப்பாற்றலாம். நான் இப்போது ஒவ்வோர் இரவும் படுக்கைக்குப் போகுமுன் துளிமருந்து விட்டுக்கொள்கிறேன்.

மூன்றை ஐந்தாக வாசித்தமைக்கும் குளுக்கோமாவுக்கும் சம்பந்தமில்லை என்றே வைத்தியர் சொன்னார். அது வெறும் வெள்ளெழுத்து, பொருத்தமற்ற வில்லை, பொடி எழுத்து. வேறொரு பிழைக்காகப் போன இடத்தில் பெரிய பிழையொன்று அகப்பட்டிருக்கிறது.

நிற்க. இவ்விடத்தில் எனது தந்தையாரைப் பற்றிச் சொல்லாமல் மேலே போக முடியாது.

1995 ஒக்டோபர் 30 ஆம் திகதி வலிகாமத்து மக்கள் ஒட்டுமொத்தமாக இடம்பெயர்ந்தபோது, நான் கொழும்பில் பணியிலிருந்தேன். ஓய்வுபெற்ற ஆசிரியரான தந்தையார் அம்மாவுடன் அந்தச் சனசமுத்திரத்தில் நாவற்குழிப் பாலத்தைக் கடந்து தென்மராட்சிக்குப் போனார். பாலத்தடி நெரிசலில் அவரது மூக்குக்கண்ணாடி விழுந்து, குனிந்து எடுப்பதற்கு முன்னரே மிதிபட்டுப் போனதாக அம்மா பின்னர் சொல்லி அறிந்தேன். வீடு போனதைவிட அந்தக் கண்ணாடி போனதையே அவர் நெடுநாள் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

பின்னர் கப்பலேறித் திருகோணமலை வழியாக அவர் கொழும்புக்கு வந்து சேர்ந்தபோது, நிலைக்கதவுகளில் தோள் முட்ட நடந்தார். படிகளில் தடுமாறினார். கண்ணாடியில்லாமல் இருந்ததால் வந்த வினை என்றோம். பொருளாதாரத் தடைக் காலத்தில் ஜாம் போத்தல் விளக்கின் கீழ் இரவிரவாக வாசித்ததால் கண் கெட்டுப்போனது என்றும் சொன்னோம். மங்கிய ஒளியில் வாசிப்பது கண்ணைக் களைப்படையச் செய்யுமேயன்றிக் கெடுத்துவிடாது என்பது எங்களுக்குத் தெரியாது. அவரைக் கடைக்குக் கூட்டிச்சென்று கண்ணாடி எடுத்துக் கொடுத்தேன். பத்திரிகையை வாசித்தார், திருப்தியடைந்தேன். பிறகு இன்னொன்று. பிறகு மூன்றாவது. 2001 இல் கண் வைத்தியரிடம் காட்டியபோது ஒரு கண்ணில் பார்வை முற்றாக அற்றுப்போயிருந்தது. மற்றைய கண்ணில் குழாயொன்றின் ஊடாகப் பார்ப்பதுபோல நடுவில் ஒரு வட்டம் மட்டுமே எஞ்சியிருந்தது.

யுத்தம் அவரது கண்ணாடியைத்தான் எடுத்தது. கண்ணை எடுத்தது யுத்தமல்ல. கண்ணாடிச் சோதனையைக் கண் பரிசோதனை என்று நம்பிய மகனின் அறியாமைக்கும் அதில் பங்குண்டு. இந்நோய் பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ இருந்தால் நமக்கும் வரும் சாத்தியம் அதிகம் என்பதை அந்த வைத்தியர் அன்றே சொல்லியிருந்தார். அதைக் கேட்டு இருபது வருடங்களுக்கு மேலாகியும் எனது கண்ணைக் காட்ட வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஊருக்கெல்லாம் செய்தி எழுதும் தொழில் செய்பவன் நான்.

ஆகவே நான் வலியுறுத்த விரும்பும் முதலாவது விடயம் இதுதான். கண்ணாடியின் இலக்கத்தைக் கணிப்பது வேறு. கண்ணைப் பரிசோதிப்பது வேறு. முன்னையது எத்தகைய வில்லை போட்டால் எழுத்துத் தெரியும் என்று சொல்லும். பின்னையது கண் நலமாக இருக்கிறதா என்று சொல்லும். குளுக்கோமாவும், நீரிழிவினால் விழித்திரையில் ஏற்படும் பாதிப்பும் ஆரம்பத்தில் எழுத்துப் பலகையில் அகப்படுவதில்லை. இலவசமாகக் கிடைப்பது பெரும்பாலும் முன்னையது மட்டுமே. அதைக் 'கண் பரிசோதனை' என்று பெயரிட்டு விளம்பரம் செய்வதுதான் என் மனதை உறுத்துகிறது. மக்கள் அந்தச் சொல்லை நம்பிவிடுகிறார்கள். கடை பொய் சொல்லவில்லை. ஆனால் முழு உண்மையையும் சொல்லவில்லை. பத்திரிகைத் தொழிலில் இதற்குத் தலைப்பிலே தவறு என்போம்.

கண்ணாடி விற்பவரே கண்ணைச் சோதிப்பதால் வரும் கேடு இது, கடைகளில் சோதிப்பதையே தடைசெய்ய வேண்டும் என்று எனது நண்பர்களில் ஒருவர் வாதிட்டார். எனக்கு அதில் உடன்பாடில்லை. அரச வைத்தியசாலைகளின் கண் கிளினிக்குகளில் காத்திருக்கும் கூட்டத்தைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்லமாட்டார்கள். வாசிப்புக் கண்ணாடி தேவைப்படும் ஒவ்வொருவரும் அங்கே போய் நிற்பதானால், வெண்புரைச் சத்திரசிகிச்சைக்குக் காத்திருக்கும் மூதாட்டியின் முறை இன்னும் பின்னுக்குத் தள்ளப்படும். எங்கள் ஒழுங்கையில் இருக்கும் சிறிய கடைதான் சாதாரண மனிதனின் கண் முதன்முதலில் காட்டப்படும் வாசல். அந்த வாசலில் இருப்பவர் தக்க பயிற்சி பெற்றவராக, தனது எல்லையை அறிந்தவராக, ஐயம் ஏற்பட்டால் விற்பனையைக் கைவிட்டு வைத்தியரிடம் அனுப்பும் மனம் கொண்டவராக இருக்க வேண்டும். அண்ணையிடம் பெறுமதியான இயந்திரம் எதுவும் இருக்கவில்லை. அவர் எனது கண்ணைக் காப்பாற்றியது இரண்டு விரல்களாலும் ஒரு கேள்வியாலும்.

இரண்டாவது விடயம் வெள்ளெழுத்துப் பற்றியது. நாற்பது வயதைத் தாண்டியதும் கண்ணின் உள்ளிருக்கும் வில்லை தனது நெகிழ்ச்சியை இழந்து, கிட்டவுள்ளதைக் குவிக்கும் ஆற்றலை விட்டுவிடுகிறது. எங்கள் பாட்டன்மார் இதனைச் சாளேசுரம் என்றார்கள். இது நோயல்ல, நரையைப் போல எல்லோருக்கும் வருவது. இதற்கான பரிகாரம் மிகமிக எளிய ஒரு சோடி வாசிப்புக் கண்ணாடி. புறக்கோட்டை நடைபாதையில் விற்கும் மலிவுக் கண்ணாடியைக்கூட நான் இகழமாட்டேன். இரு கண்களுக்கும் ஒரே இலக்கம் உள்ளவர்களுக்கு அது எழுத்தைக் காட்டும்; கண்ணைக் கெடுக்காது. அதை வாங்குபவர் கண்ணைக் காட்டாமலே காலத்தைக் கடத்திவிடுவார் என்பதுதான் ஒரே கவலை.

அந்த எளிய கண்ணாடியும் எட்டாதவர்கள் இருக்கிறார்கள். சில வருடங்களுக்கு முன்னர் தலவாக்கலைப் பகுதித் தோட்டமொன்றுக்குச் செய்தி சேகரிக்கப் போயிருந்தேன். ஐம்பது வயதைக் கடந்த பெண்மணி ஒருவர், கொழுந்து நிறுக்கும் இடத்தில் கழிவு போட்டதைப் பற்றி முறையிட்டுக் கொண்டிருந்தார். முத்தல் இலை கலந்திருப்பதாகச் சொல்லி நிறையில் குறைத்துவிட்டார்களாம். நாளொன்றுக்குரிய கிலோ எடுக்காவிட்டால் அரைப்பேர்தான். 'கண்ணு மங்கிப் போச்சுங்க ஐயா. கொழுந்து எது, முத்தல் எதுன்னு இப்ப கைதான் பார்க்குதுங்க' என்றார். சம்பளப் போராட்டம் பற்றிய செய்தியைத் தேடிப் போனவன் ஆகையால் அந்த வாக்கியத்தைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேனேயன்றிச் செய்தியில் சேர்க்கவில்லை. இன்று அதற்காக வெட்கப்படுகிறேன்.

ஏனெனில் அவர் சொன்னதை ஆய்வாளர்கள் அளந்து காட்டியிருக்கிறார்கள். இந்தியாவின் அசாம் மாநிலத்தில், நாற்பது வயதைக் கடந்த 751 தேயிலைத் தொழிலாளர்களை இரு பிரிவுகளாக்கி, ஒரு பிரிவினருக்கு மட்டும் கிட்டப் பார்ப்பதற்கான கண்ணாடியைக் கொடுத்து ஆராய்ந்த முடிவு 2018 இல் 'லான்செட் குளோபல் ஹெல்த்' சஞ்சிகையில் வெளியானது. கண்ணாடி பெறாதவர்களோடு ஒப்பிடுகையில், பெற்றவர்கள் பறித்த கொழுந்தின் அளவு ஏறத்தாழ 21.7 சதவீதம் கூடியிருந்தது. ஐம்பது வயதைக் கடந்தவர்களிடம் அது 31.6 சதவீதம். பங்களாதேஷ் கிராமங்களில் நடத்தப்பட்டு 2024 இல் வெளியான இன்னோர் ஆய்வு, வாசிப்புக் கண்ணாடி பெற்றவர்களின் வருமானம் எட்டு மாதங்களில் 33.4 சதவீதத்தால் உயர்ந்ததைக் காட்டியது. உரமோ புதிய இயந்திரமோ அல்ல, இரண்டு துண்டு வில்லை செய்த காரியம் இது. நமது மலையகத்தில் சம்பளம் பற்றிப் பேசும் தொழிற்சங்கத் தலைவர்களும், உற்பத்தித்திறன் பற்றிப் பேசும் தோட்டக் கம்பனிகளும் எதிரெதிர்ப் பக்கங்களில் அமர்ந்திருக்கும் மேசையில் இந்த விடயத்தையும் வைத்தால் என்ன? இரு தரப்பாரும் சண்டையிடாமல் ஒப்புக்கொள்ளக்கூடிய ஒரே விடயமாகவும் இது இருக்கக்கூடும்.

இது எங்கள் நாட்டுப் பிரச்சினை மட்டுமல்ல. தூரப்பார்வைக் குறைபாட்டுக்குக் கண்ணாடி தேவைப்படுபவர்களில் உலகளவில் 36 சதவீதமானோருக்கே பொருத்தமான கண்ணாடி கிடைத்திருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. அனைவருக்கும் பார்வை என்ற தீர்மானத்தை ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2021 ஜூலையில் நிறைவேற்றியது. ஆயினும் இலங்கையர்களாகிய எமக்கு இதில் தனியான ஒரு கூச்சம் இருக்க வேண்டும் என்பது எனது எண்ணம். 1961 இல் வைத்தியர் ஹட்சன் சில்வா தொடக்கிய கண்தான சங்கத்தின் மூலம், இறந்த எமது மக்களின் கண்களைப் பல நாடுகளுக்கும் வழங்கிப் புகழ்பெற்ற தேசம் இது. இறந்தபின் கண்ணையே கொடுக்கும் நாட்டில், உயிரோடிருக்கும்போது ஒருவர் கண்ணாடியில்லாமல் கையால் பார்த்துக் கொழுந்து பறிக்கிறார்.

2022 இன் பொருளாதார நெருக்கடி நிலைமையை இன்னும் மோசமாக்கியது. அவ்வாண்டு மார்ச் மாத ஆரம்பத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த டொலரின் பெறுமதி மே மாதத்தில் 360 ரூபாவைத் தாண்டியது. வில்லையும் பிரேமும் இறக்குமதிப் பொருட்கள். உடைந்த காதுத்தண்டை நூலால் கட்டிக்கொண்டு வேலைக்கு வந்தவர்களை எங்கள் காரியாலயத்திலேயே கண்டேன். அதே மாதங்களில் பத்திரிகைத் தாளுக்கும் தட்டுப்பாடு வந்தது. சில பத்திரிகைகள் அச்சுப் பதிப்பையே இடைநிறுத்தின. நாங்கள் பக்கங்களைக் குறைத்தோம். குறைந்த பக்கங்களில் அதே விடயங்களை அடக்குவதற்கு எழுத்தைச் சிறிதாக்கினோம். எங்கள் வாசகர்களின் கண்ணாடிகள் பழையனவாகிக்கொண்டிருந்த வேளையில் எங்கள் எழுத்துகள் சிறியனவாகிக்கொண்டிருந்தன. தாள் வந்த பின்னரும் எழுத்து பழைய அளவுக்குத் திரும்பவில்லை. அந்தத் தீர்மானம் எடுக்கப்பட்ட கூட்டத்தில் நானும் அமர்ந்திருந்தேன். எனது பெருமதிப்புக்குரிய ஒப்புநோக்குநரின் இறுதிக்கிரியை நேரத்தை நான் பிழையாக வாசித்தது, நானே சம்மதித்த எழுத்தளவில்தான்.

இனி வாசகர்களிடம் சில வேண்டுகோள்கள். நாற்பது வயதைக் கடந்தவர்கள் கண்ணாடி மாற்றும்போது இலக்கத்தோடு நின்றுவிடாமல் கண்ணின் அழுத்தத்தையும், கண்ணின் உட்புறத்தையும் பார்த்துவிடும்படி கேளுங்கள். அங்கு வசதியில்லையானால் எங்கே பார்க்கலாம் என்று கேளுங்கள். நீரிழிவு உள்ளவர்கள் பார்வை எவ்வளவு தெளிவாக இருந்தாலும் வருடத்துக்கு ஒரு தடவையாவது விழித்திரையைக் காட்டுங்கள். பெற்றோருக்கோ சகோதரருக்கோ குளுக்கோமா இருந்தால், கேட்கப்படாவிட்டாலும் அதை நீங்களாகவே சொல்லுங்கள். எங்கள் குடும்பங்களில் வருத்தங்களை மறைப்பது ஒரு பழக்கமாகவே இருந்து வருகிறது. பரிசோதனைச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். அது உங்கள் கண்ணின் கணக்கு, கடையின் சொத்தல்ல. வீட்டில் முதியவர்கள் தடுக்கி விழுந்தால் 'வயது போச்சுது' என்று சமாதானம் சொல்லிவிடாமல் அவர்களைக் கண் வைத்தியரிடம் கூட்டிச் செல்லுங்கள்.

கடைக்காரர்களிடமும் ஒரு வேண்டுகோள் உண்டு. நீங்கள் செய்வது இலக்கக் கணிப்பு மட்டுமானால் விளம்பரத்தில் அப்படியே எழுதுங்கள். அதில் அவமானம் எதுவுமில்லை. அனுப்ப வேண்டியவரை அனுப்புங்கள். ஒரு கண்ணாடி விற்பனை தள்ளிப்போகும். ஆனால் வாழ்நாள் முழுவதும் அந்த மனிதர் உங்களிடமே வருவார்.

நான் அப்படித்தான் திரும்பிப் போனேன். வைத்தியரின் பதில் கடிதத்தை அண்ணையிடம் கொடுத்தேன். அதை இரண்டு தடவைகள் வாசித்துவிட்டு, 'நல்ல நேரத்துக்குப் போயிருக்கிறியள்' என்று மட்டும் சொன்னார். தூரத்துக்கு ஒன்று, வாசிக்க ஒன்று என இரண்டு சாதாரண கண்ணாடிகளைச் செய்து தந்தார். பெரிய கடையில் ஒன்றுக்குக் கொடுத்த பணத்தின் பாதிகூட இரண்டுக்கும் சேர்த்து ஆகவில்லை. முதல் நாள் பரிசோதனைக்கான கட்டணத்தையும் எடுத்துக்கொள்ளும்படி வற்புறுத்தினேன். இலவசமாகப் பெறுவதை நாம் மதிப்பதில்லை என்பது எனது அனுபவம்.

அண்மையில் மரண அறிவித்தல் பக்கத்தில் அந்த ஒப்புநோக்குநரின் முதலாம் ஆண்டு நினைவஞ்சலி வெளியாகியிருந்தது. அதே பொடி எழுத்து. புதிய கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒரு தடவையல்ல, மூன்று தடவைகள் வாசித்தேன். காலை 11 மணி. பெயரும் நேரமும் சரி. பத்தரை மணிக்கே அவரது வீட்டு வாசலில் நின்றேன்.